தம்பி முறை நாளில் ஒரு வெள்ளோட்டம்

ஏனுங், இந்தப் பஸ்ஸு பத்தரைக்குள்ள தாராபுரம் போயிருமுங்களா? போயிருமா. செரி, சித்த நகந்து உக்காருங்க. சன்னலோரத்தை நீங்களே வெச்சுக்குங்க, எனக்கு வேண்டாம். காத்துப் பட்டா இந்தக் கை கடுக்குதுங்க. இந்தக் கட்டா? ரெண்டு வெரலு ஒடஞ்சு போச்சு. அடி வாங்கினதுல இல்லீங்க, அடிச்சதுல.

அட, அதுக்கு எதுக்கு ஒதுங்கறீங்க? நான் அப்படிப்பட்ட ஆளில்லீங்க. கோழி அறுக்கோணும்னாக்கூட அடுத்த ஊட்டு ஆளைக் கூப்புடற குடும்பமுங்க எங்களுது. என்ர பேரு அர்த்தநாரி. முத்தூருக்கு வடக்கால எங்க காடு. கண்டிசன் பெயில்ல வந்திருக்கறேன். தெனமும் பத்தரைக்குள்ள தாராபுரம் ஸ்டேசன்ல ஒரு கையெழுத்துப் போடோணும். ஒரு நாள் தவறினாலும் மறுக்கா உள்ள தூக்கிப் போட்டுருவாங்களாமா. அதுபோக, எங்க கெணத்துப் பக்கம் போகக் கூடாதாம், தம்பி குடும்பத்துக்கிட்டப் போகக் கூடாதாம். என்ர கெணத்துக்கு நான் போகக் கூடாதாமுங்க! கேட்டீங்களா நாயத்தை?

என்ன கேசா? தம்பியை வெட்டினதாக் கேசுங்க. கொலை முயற்சின்னு எழுதிப் போட்டாங்க. கோயமுத்தூர் ஆஸ்பத்திரில கெடக்கறான் கொளந்தசாமி, எனக்கு நேர் எளையவன். அவன் பொழச்சு எந்திரிச்சா எப்படியாச்சும் சமாளிச்சுக்கலாம், அவனுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா செக்சனே மாறிரும், அப்பறம் என் கையில ஒண்ணுமில்லைன்னு வக்கீலு சொல்லிப் போட்டாரு. அதனால தம்பி நல்லா இருக்கோணும்னு தெனமும் கும்புட்டுக்கறனுங்க. அண்ணமார் சாமிக்குக் கெடா வெட்டறதா வேண்டியிருக்கறேன். ஆருங்க இந்தக் காலத்துல தம்பிக்குக் கெடா வெட்டறான்?

எல்லாம் ஒரு மிசினு பண்ணின வேலைங்க. ஆருகிட்டச் சொன்னாலும் சிரிக்கறாங்க. நீங்க சிரிக்காமக் கேளுங்க.

அப்பன் செத்தப்பறம் காட்டைப் பிரிச்சுக்கிட்டோம். மேக்கால என்னுது, கெழக்கால அவனுது. கெணத்தைப் பிரிக்க முடியுங்களா? ஒரே கெணறு, ஒரே மோட்டாரு, ஒரே கரண்டு. அதனால ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. என்ர முறையில எனக்குத் தண்ணி, அவன் முறையில அவனுக்கு. சொல்றதுக்குச் சுலபமாத்தான் இருக்குது. அவன் என்ர முறையில சித்த நேரம் சேத்து ஓட்டிக்குவான். நானும் ஓட்டுவேன், இல்லீங்கல. ஆனா அவன் ஓட்டினதுக்காகத்தான் நான் ஓட்டுவேன். அதுல ஒருக்காத் தென்னமட்டையில அடிச்சுக்கிட்டோம். அவனுக்கு மண்டையில தையல், எனக்கு முதுகுல. ஒருக்கா என்ர ஊட்டுக்காரி சம்பூரணமும் அவன் பொண்டாட்டி மைனாவதியும் மசுரைப் புடிச்சுக்கிட்டு வாய்க்கால்ல உருண்டாங்க. ரெண்டு பேரு வாயிலயும் சேறு. அதெல்லாம் சாதாரணமுங்க, பங்காளிங்களுக்குள்ள இருக்கறதுதான்.

மாமன் மச்சானெல்லாம் கூடி ஒரு முடிவு பண்ணினாங்க. இவனுக ரெண்டு பேரும் பேசிக்கிட்டா வெட்டுக்குத்துலதான் முடியும், பேசாம இருக்கறதுக்கு ஒரு வழி பண்ணிப் போடலாம்னு, மோட்டாரு ரூமுல ஒரு பொட்டியை வாங்கி மாட்டிப் போட்டாங்க. இன்னைக்கு ஆரு முறைன்னு அந்தப் பொட்டிக்குத் தெரியும். அதுவா மோட்டாரைப் போடும், அதுவா வால்வைத் திருப்பும். என்ர நாளு முடிஞ்சா தண்ணி தானா அவன் பக்கம் போயிரும். ஊரே வந்து பாத்துட்டுப் போச்சுங்க. பொட்டி வந்ததுல இருந்து நானும் அவனும் ஒரு வார்த்தை பேசினதில்லை. அவனோட மக சீருக்கு நான் போகலை, எம்மவன் கலியாணத்துக்கு அவன் வரலை. அத்தனை நிம்மதிங்க.

இந்தப் புரட்டாசியில எங்கயோ மழை பேஞ்சுது. இடி மட்டும் எங்க மோட்டாரு ரூமுல உழுந்துச்சு. பொட்டிக்கு நெனப்பு தப்பிப் போச்சு. எந்த நாளு ஆரு முறைன்னு ஒண்ணும் தெரியலை. அப்பறம் பொட்டி வித்த கடைக்காரங்களுக்குப் போனைப் போட்டேன். செல்வின்னு ஒரு ஆளைத் தாட்டி உட்டாங்க. நாகர்கோயில்ப் பக்கத்து ஆளு, நடு வயசு, நல்ல மரியாதை. எதுக்கெடுத்தாலும் அண்ணன், அண்ணன்னு சொல்லுவாரு. நானும் மொதல்ல அவரை நம்பினனுங்க. வெள்ளையாச் சிரிக்கறவனையெல்லாம் நம்பற மனசு எனக்கு.

பொட்டியோட நெனப்பை எல்லாம் நகலெடுத்துத் தன்ர லேப்டாப்புல வெச்சிருக்கறாராம். அதைத் திரும்பப் பொட்டிக்குள்ள ஏத்திப் போட்டா எல்லாம் பழையபடி ஆயிருமாம். ஆனா எடுத்ததும் ஏத்தக் கூடாதாமுங்க. மொதல்ல ஒரு வெள்ளோட்டம் உட்டுப் பாக்கோணுமாம். வெள்ளோட்டம்னா, ஏத்தினா என்னென்ன நடக்கும்னு லேப்டாப்புத் தெரையில காட்டுமாம், அவ்வளவுதான். நெசத்துல ஒரு துரும்பும் அசையாது அண்ணன்னு சொன்னாருங்க. ஒரு துரும்பும்னாரு. இந்த வார்த்தையை நீங்க மறந்துறாதீங்க.

சொல்லிப் போட்டு, எதுக்கும் ரெண்டு காரியம் பண்ணிருங்க அண்ணன்னாரு. ஒண்ணு, பொட்டிக்கு மட்டும் கரண்டு இருந்தாப் போதும், மோட்டாருக்குப் போற பீசைக் கழட்டிக் கையில வெச்சுக்குங்க. ரெண்டு, இன்னைக்கு உங்க தம்பி முறைங்கறதால அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. செரீன்னு நானும் தலையாட்டினேன்.

பீசா? கழட்டலைங்க. ஏன் கழட்டோணும்? எங்களுக்கு மும்முனைக் கரண்டு வர்றதே கொஞ்ச நேரம். அவன் முறை நாள்ல நான் போய்ப் பீசைப் புடுங்கி வெச்சன்னு வையுங்க, அண்ணங்காரன் தம்பி முறையைக் கெடுத்துப் போட்டான்னு நாளைக்கு ஊரு பேசும். அவனோட நல்லதுக்குத்தானுங்க கழட்டாம உட்டேன். ஒருவேளை தண்ணி என் பக்கம் வந்தா மஞ்சளுக்கு ஆகுமேன்னு நெனச்சீங்களான்னு போலீசுல கூடக் கேட்டாங்க. மஞ்சளு வாடித்தான் கெடந்துச்சு, இல்லீங்கல. வாடின மஞ்சளைப் பாத்தா எந்தக் குடியானவனுக்கும் நாலு நெனப்பு வரும். நெனக்கறதெல்லாம் குத்தமுங்களா?

தம்பிகிட்டச் சொன்னீங்களான்னு கேக்கறீங்க. நாங்கதான் பேசிக்கறதில்லைன்னு சொல்றனுங்களே. பேசாம இருக்கறதுக்குன்னுதான அந்தப் பொட்டியையே வாங்கினது? ஆனாலும் சொல்லாம உடலைங்க. சம்பூரணத்தைக் கூப்புட்டு, வேலியோரமாப் போயி எருமைகிட்டச் சொல்லிப் போட்டு வான்னேன். எங்கூர்ல பேச்சு நின்ன ஊடுகளுக்கு நடுவுல அதுதானுங்க வழக்கம். ஆடு மாட்டுக்கிட்டச் சத்தமாச் சொன்னா அக்கட்ட இருக்கறவங்க காதுல உழும். அவளும் போயி, எருமை முதுகுல தட்டி, 'இன்னைக்குத் தண்ணி நம்ம பக்கம் வந்தாலும் வருமாம் லச்சுமி, எவ வயிறும் எரிய வேண்டாம்'னு சொல்லிப் போட்டு வந்தா. கடைசியில சொன்னதை அவளாச் சேத்துக்கிட்டா. பொம்பளை வாயை நாம தெச்சு வைக்க முடியுங்களா? ஆனா சேதி போய்ச் சேந்துச்சா இல்லையா? சேந்துச்சு. மைனாவதி கேட்டுப் போட்டு உள்ள போனதை இவ கண்ணால பாத்திருக்கறா. அதுக்கு மேல ஒரு மனுசன் என்னதான் பண்ணுவான்?

அங்க செல்வின் வேப்பமரத்தடியில உக்காந்து என்னமோ தட்டினாரு. தட்டினதும் மோட்டாரு உறுமுச்சு பாருங்க! வால்வு ரெண்டும் கடகடன்னு திரும்புச்சு. தண்ணி வந்து உழுந்தது ஆரு காட்டுல? என்ர மஞ்சக் காட்டுல. அப்பறந்தான் அந்தாளே சொன்னாரு. அந்த நகலு பொட்டி மாட்டின அன்னைக்கு எடுத்ததாம். அன்னைக்கு என் பக்கத்துக் குழாய் மட்டுந்தான் போட்டு முடிச்சிருந்தாங்க, அதனால எல்லா நாளும் என்ர முறைன்னு அதுல எழுதியிருந்துச்சாம். அது செரி, வெள்ளோட்டத்துல மோட்டாரு எப்படி ஓடுச்சு? மோட்டாரே, வால்வே, நீங்க உசுரோட இருக்கறீங்களான்னு அது ஒவ்வொண்ணா விசாரிச்சுப் பாக்குமாம். கேட்டாப் பதில் சொல்லோணும், அவ்வளவுதான். எங்க மோட்டாரும் வால்வும் பழைய ரகமாம். விசாரிச்சதையே உத்தரவுன்னு எடுத்துக்கிட்டு இது ஓடிப்போச்சாம், அது திரும்பிப் போச்சாம். 'இப்படி ஆகும்னு எனக்கே தெரியாது அண்ணன், நிறுத்துங்க, பீசு எங்க'ன்னு ஓடி வந்தாரு. 'நீதானய்யா துரும்பும் அசையாதுன்ன, உன்ர சோலியைப் பாரு'ன்னு சொல்லிப் போட்டேன். தெரையைப் பாத்தேன். 'மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை'ன்னு தமிழ்ல கொட்டை எழுத்துல நிக்குது. அங்க தண்ணி பாத்தி ஏறிக்கிட்டுக் கெடக்குது.

எனக்கு அதுலதானுங்க ஆத்தரம். காட்டறதுன்னாக் காட்டறதோட நிக்கோணும். செய்யறதுன்னாச் சொல்லிப் போட்டுச் செய்யோணும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வரம்பு வேண்டாமுங்களா? சும்மா காட்டறேன்னு ஆரம்பிச்சு நெசமாவே பண்ணிப் போடறதுக்கு மனுசன் எதுக்கு, மிசினு எதுக்கு?

நிறுத்தலையான்னா கேட்டீங்க? தானா வர்ற லச்சுமியை எவனாச்சும் கதவைச் சாத்துவானுங்களா? வந்த தண்ணி ஒரே எடத்துல தேங்கிக் கெழங்கு அழுகிப் போகுமேன்னு மம்பட்டியை எடுத்துக்கிட்டுப் போயி மடையெல்லாம் தெறந்து உட்டேன். அதைப் போயி, திட்டம் போட்டுப் பாச்சினான்னு எழுதிப் போட்டாங்க.

அப்பத்தான் வந்தானுங்க கொளந்தசாமி. வேலியைச் சுத்தி வரலை, முள்ளு மேலயே ஏறி மிதிச்சுக்கிட்டு வந்தான். வேட்டி கிழிஞ்சு தொங்குது, தொடையெல்லாம் ரத்தம். கையில அவனும் ஒரு மம்பட்டி. பின்னாலயே மைனாவதி, மாரு மேல அடிச்சுக்கிட்டு வர்றா. அத்தனை வருசங்கழிச்சு எங்கிட்டப் பேசின மொத வார்த்தை என்ன தெரியுங்களா? 'எருமைக்குச் சொல்லிப் போட்டாடா என்ர தண்ணியைத் திருடறே?' டான்னானுங்க. கூடப் பொறந்த அண்ணனை. ஆத்தரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க?

மிசினுடா, வெள்ளோட்டம்டா, அந்தாளைக் கேளுடான்னேன். அவன் எங்க கேட்டான்! மடையில எறங்கி மண்ணைப் போட்டு அடைச்சான். நான் தெறந்தேன். அவன் அடைச்சான். நான் அவன் நெஞ்சுல ஒரு தள்ளு. மல்லாக்க உழுந்து எந்திரிச்சு, சேத்தோட என் மூஞ்சியில ஒரு அறை. காது ங்கொய்னுச்சு. அவனோட மம்பட்டிக் காம்பு என் முட்டியில உழுந்துச்சு. நான் அவன் தாடையில உட்டேன், ஒரு பல்லு தெறிச்சுத் தண்ணில உழுந்துச்சு. சம்பூரணம் வரப்பு மேல நின்னுக்கிட்டுக் கல்லைக் கல்லா எடுத்து வீசறா, அதுல ஒண்ணு என் முதுகுலயே உழுந்துச்சு. மைனாவதி என்ர காலைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. ஒதறித் தள்ளினேன். வாய்க்கால்ல குப்புற உழுந்தா.

கொளந்தசாமி மறுக்கா மடையை அடைக்கக் குனியப் போனான். உட்டாப் பாத்துக்கிட்டு நிப்பனா? மெரட்டறதுக்குத்தானுங்க மம்பட்டியை ஓங்கினேன். அப்பன் ஆத்தா மேல சத்தியமா, மெரட்டறதுக்குத்தான். ஓங்கினாப் பயந்து பின்னால போவான்னு நெனச்சேன். அவன் நிமுந்து பாக்கவே இல்லை. கை ஓங்குச்சு, எறங்கிப் போச்சு. எப்படி எறங்குச்சுன்னு எனக்கே தெரியலைங்க. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல. வாழைக் கட்டையில உழுகற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அவன் அப்படியே மண்டி போட்டு உக்காந்துக்கிட்டு, அந்தத் தொங்கற கையை இன்னொரு கையில தாங்கிக்கிட்டு, என்னையே பாத்தான். 'அண்ணா'ன்னான். அந்த ஒரு வார்த்தைதான். தண்ணி செவந்து செவந்து மஞ்சப் பாத்திக்குள்ள போகுது. மோட்டாரு பாட்டுக்கு ஓடிக்கிட்டுக் கெடக்குது.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆங்காரம்! நேரா வேப்பமரத்தடிக்குப் போனேன். என்ர தம்பியை இந்தக் கதிக்கு ஆளாக்கினவனை உடறதுங்களா? செல்வின் சட்டையைப் புடிச்சு மோட்டாரு ரூமுச் செவுத்தோட சேத்து வெச்சு அடிச்சேன். மூக்கு ஒடஞ்சுது, கண்ணாடி ஒடஞ்சு கன்னத்துல ஏறிருச்சு. 'அண்ணன், மொதல்ல அவரைத் தூக்குங்க, ரத்தம் போகுது, தூக்குங்க'ன்னு அப்பவும் அதையேதான் சொல்றாரு. எனக்கு நாயம் சொல்றாருங்க! ஒரு குத்து உட்டேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு, செவுத்துல பட்டு இந்த வெரலு ரெண்டும் போச்சு. லேப்டாப்பை எடுத்தேன், கெணத்துக்குள்ள வீசினேன். துரும்பும் அசையாதுன்னு எழுதி வெச்சிருந்த அந்தத் தெரை மட்டும் இருந்திருந்தா இன்னைக்கு அதைக் கோர்ட்டுல காட்டியிருக்கலாம். வக்கீலு தலையில அடிச்சுக்கறாரு. கெரகம்.

ஆம்புலன்சுல ஏத்தினப்பத்தான் பாருங்க, ஏட்டு போயி அவன் வாய்கிட்டக் குனிஞ்சு, எப்படிப்பா ஆச்சுன்னு கேட்டிருக்கறாரு. 'கால் வழுக்கி மம்பட்டி மேல உழுந்துட்டனுங்க'ன்னானாம். ரெண்டு மொறை கேட்டும் அதையேதான் சொன்னானாம். பாத்தீங்களா! அவனே சொல்லிப் போட்டான், என் மேல தப்பில்லைன்னு! பாதிக்கப்பட்டவனே சொன்னப்பறம் மத்தவங்களுக்கு என்னுங்க பேச்சு? மைனாவதிதான் ஸ்டேசன்ல போயி உக்காந்துக்கிட்டு, வெட்டினான் வெட்டினான்னு எழுதிக் குடுத்துப் போட்டா. அவ அன்னியத்துல இருந்து வந்தவ, ரத்தம்னா என்னன்னு அவளுக்கு எங்க தெரியும்?

ஆஸ்பத்திரில தம்பியோட கையை எடுத்துப் போட்டாங்க. எடது கைதானுங்க. சோத்துக்கை இருக்குது. அப்பறம் சீழு புடிச்சுக் காய்ச்சல்னு சொன்னாங்க. போய்ப் பாக்கலாம்னா கோர்ட்டு உடமாட்டேங்குது. போயி நின்னன்னா, அண்ணான்னு மறுக்காக் கூப்புடுவானோன்னு ஒரு பயமும் இருக்குது. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, படுத்தா அந்தச் சத்தந்தான் காதுல கேக்குது.

தண்ணியா? தண்ணி இப்ப என் பக்கந்தானுங்க வருது. தெனமுந்தான். அந்த வெள்ளோட்டத்துல திரும்பின வால்வு அப்படியே இறுகிப் போச்சு. திருப்பி உடலாந்தான், ஒரு ஸ்பானர் வேலை. ஆனா கேசு நடக்குது, சாட்சிப் பொருளைத் தொடக் கூடாதில்லீங்களா? சட்டம்னு ஒண்ணு இருக்குதே. நான் போகக் கூடாதுன்னதால சம்பூரணந்தான் தண்ணி கட்டறா. மஞ்சளு இந்த வருசம் நெஞ்சு ஒசரம் நிக்குது. அவனோட வாழை தாரு தள்ற பருவம், குருத்தெல்லாம் கருகித் தொங்குது. பஸ்ஸேறப் போறப்பத் தெனமும் பாக்கறேன். வயிறு எரியுதுங்க, பொய் சொல்லலை. ஆனா நானா பண்ணினேன்? மிசினு வெச்சுட்டுப் போனது.

இருங்க, போனு அடிக்குது. சம்பூரணந்தான். இவளுக்கு நேரங்காலமே கெடையாது. சித்த அந்தப் பட்டனை அமுத்திக் குடுங்க, இந்தக் கையில முடியலை.

என்ன சொல்லு. கத்தாத, பஸ்ஸுக்குள்ள இருக்கறேன். எப்ப? நேத்து வெடியாலயா? ஆரு சொன்னா? வண்டியே வந்துருச்சா. நீ பாத்தியா? மூஞ்சியப் பாத்தியா? ம். ம். அவ என்ன பண்றா? எதை? எதுல ஒடைச்சா? அத்தனையுமா? நீ எங்க நிக்கற? போகாத, அங்கயே இரு. நான் வர்றேன்.

கொளந்தசாமி போயிட்டானுங்க.

நேத்து வெடியாலயே போயிட்டானாமா. ஆஸ்பத்திரில அறுத்துப் பாத்துட்டு இப்பத்தான் வண்டியில கொண்டாந்து எறக்கியிருக்கறாங்க. என்னை உட்டுட்டுப் போயிட்டானுங்க. எங்காத்தா வயித்துல பொறந்தது ரெண்டு பேரு, இனி நான் ஒருத்தன். தண்ணி இருந்தாக் கொஞ்சம் குடுங்க. வேண்டாம், வேண்டாம், வெச்சுக்குங்க.

அவ, அந்த மைனாவதி, பொணத்தைக் குளிப்பாட்ட அவனோட கெணத்துத் தண்ணிதான் வேணும்னு கடப்பாரையை எடுத்துக்கிட்டு மோட்டாரு ரூமுக்குப் போயிருக்கறா. போயிப் பொட்டி, வால்வு, குழாய் ஒண்ணு பாக்கியில்லாம ஒடைச்சுப் போட்டாளாமா. ஒரு கொடம் மோந்துக்கலாமில்லீங்க? குளிப்பாட்ட எத்தனை தண்ணி வேணும்? இப்ப மோட்டாரு மட்டும் ஓடுதாமா, ஒடஞ்ச குழாயில மொத்தத் தண்ணியும் அவிய வாழைக்குள்ள போயிட்டுக் கெடக்குதாமா. சம்பூரணத்தைக் கிட்டயே உடலையாமா. இன்னைக்கு என்ர முறை நாளுங்க! பொட்டி இருந்தாலும் இல்லாட்டியும் இன்னைக்கு என்ர நாளு.

கண்டக்டரு! ஏனுங் கண்டக்டரு, விசிலடிங்க, எறங்கோணும். ஸ்டாப்பு இல்லாட்டிப் போகுது, உயிர் போற அவசரமுங்க, நிறுத்துங்க.

கையெழுத்தா? அட, கையெழுத்துக் கெடக்குதுங்க. சித்த வழி உடுங்க. எதுக்குங்க கையைப் புடிக்கறீங்க? நான் போயி ஒண்ணும் பண்ண மாட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன். தண்ணியை மட்டும் என் பக்கம் திருப்பி உட்டுப் போட்டு, அப்பறம் போயித் தம்பிக்கு அழுதுக்கறேன்.